காரவள்ளிக்கு மேலே

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கொல்லிமலை. சோளக்காட்டை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம், ஈரோடு, கரூர், பெங்களூரு வண்டிகளெல்லாம் இங்கே வரிசை கட்டுகின்றன. முழங்காலுக்குக் காப்பு, தலைக்கவசத்தின் மேல் கேமரா, எழுபதாவது பலகைக்குப் பக்கத்தில் ஒரு படம். மேலே அறப்பளீஸ்வரர் இருக்கிறார், ஆகாய கங்கை கொட்டுகிறது, செம்மேட்டில் சங்ககால மன்னன் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம்தான். அவர்கள் வருவது வளைவுக்கு.

சாலை வருவதற்கு முன்னும் இந்த மலையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ் பேசுகிறவர்கள்) பலாவையும் வாழைத்தாரையும் மிளகையும் தேனையும் தலைச்சுமையாக இறக்கி விற்றுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே தடத்தில் திரும்ப ஏறினார்கள். ஏறக்குறைய ஓராயிரம் மீட்டர் ஏற்றம். பேளுக்குறிச்சிச் சந்தையில் மலைச்சரக்குக்கு இன்றும் தனி மதிப்பு. வீட்டுக்கு மசாலா அரைக்கிறவர்கள் மிளகையும் கடுகையும் அங்கே போய்த்தான் வாங்குவார்கள். உடம்புக்கு முடியாதவர்களைத் துணித் தூளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். பிரசவ வலியோடு அப்படி இறங்கியவர்களின் கதை மலையில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். கிழக்கே துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையிலிருந்து ஒரு நடைபாதை ஏறுகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஆடி மாதத்தில் அந்த வழியாக நடந்தே போகும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

சாலை மாற்றியது பயண நேரத்தை மட்டுமல்ல, வயலையும்தான். இதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றுக்குச் சாலை தேவையில்லை. அறுத்துக் காயவைத்துக் குதிரில் கொட்டினால் வருஷக்கணக்கில் கெடாது. வேண்டும்போது குத்திச் சமைக்கலாம். மரவள்ளிக் கிழங்கு அப்படியல்ல. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும். எடையோ பாறைபோல. லாரி வந்து நிற்கும் இடத்தில்தான் அதை விளைவிக்க முடியும். கீழே சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவும் வந்த பிறகு, கிழங்குக்கு நிலையான சந்தை அமைந்தது. காரவள்ளிச் சாலை அந்தச் சந்தையை மலைமேல் கொண்டுபோய்ச் சேர்த்தது. சாமைக் காடு சுருங்கி மரவள்ளிக் காடு விரிந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்க உழைத்தபோது, விதை சேகரித்ததோடு நிற்கவில்லை; ஊருக்குள் உமி நீக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்தது. சாமை தட்டிலிருந்து மறைந்ததற்கு, அதைக் குத்திக் குத்திச் சலித்த பெண்களின் கைகளும் ஒரு காரணம் என்று யாரோ சரியாகக் கவனித்திருக்கிறார்கள்.

கிழங்கு மட்டும் இறங்கவில்லை. மேட்டூரின் மால்கோ அலுமினிய ஆலைக்கு வேண்டிய பாக்சைட் கல்லையும் பல ஆண்டுகள் இந்த மலையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். கனிமம் போன வழி பின்னால் வேடிக்கைக்கு வழியாவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் மோவாப் என்ற சிற்றூர் இருக்கிறது. 1952இல் அதன் அருகே பெரிய யுரேனியப் படிவம் கிடைத்ததும், செம்பாறை மேடுகளில் தாறுமாறாக மண்பாதைகள் வெட்டினார்கள். யுரேனிய மோகம் அடங்கியதும் அந்தப் பாதைகளை ஜீப்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் அங்கே ஜீப் திருவிழாவே நடக்கிறது. வெறும் பாறையும் வானமும் பார்க்க உலகமே போகிறது. ஆனால் மோவாப்பின் அந்தப் பாதைகளில் பெரும்பாலானவற்றின் ஓரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. கொல்லிமலையில் குடியிருக்கிறார்கள்.

வித்தியாசம் இங்கேதான். செம்மேட்டிலிருந்து பிரியும் கிளைச் சாலைகள் தார் முடிந்து மண்ணாகும் இடம் வந்ததும், வெளியூர் வண்டிக்காரரின் முகம் மலர்கிறது. சேறு, உருளைக் கல், ஓடை குறுக்கிடும் பள்ளம் எல்லாமே அவருக்குச் சாகசம். அதே இடத்துக்குத்தான் ஊர்க்காரர் வருஷா வருஷம் மனு எழுதுகிறார். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வராது, பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கின்றன, பலாப்பழம் ஏற்றிய மினி லாரி அச்சு முறிந்து நிற்கிறது. ஒருவர் படம் எடுத்து மகிழும் பள்ளத்தை இன்னொருவர் மூடச் சொல்லி அலைகிறார். இருவரில் யார் பக்கம் என்று கேட்டால், தார் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சேறு வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குப் போகலாம். காப்புக்காட்டுக்குள் போகும் தடங்களில் வனத்துறை அனுமதியில்லாமல் வண்டியை நுழைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. தடம் இருக்கிறது என்பதே அனுமதி ஆகிவிடாது.

வளைவுகள் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஏறுவதுதான் கடினம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஆபத்து இறக்கத்தில்தான். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பாதி வழியில் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் இதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். காரில் வருகிறவர்கள்தான் கேட்பதில்லை. இரண்டு வண்டி ஒதுங்க முடியாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கே வழி என்பது 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்கு விதிகளிலேயே இருந்தது. 2017இல் வந்த புதிய விதிகளும் அதை மாற்றவில்லை. ஏறும்போது நின்றுவிட்ட பார வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. வளைவில் வண்டியைச் சாய்த்துப் படம் பிடிப்பவர்களுக்கு மட்டும் இது எட்டுவதில்லை.

இப்போது ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஒரு சாலை ஏறுகிறது. வளைவு குறைவு, சரக்கு வண்டிக்கு வசதி. வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 17, 18இல் காரவள்ளி வழி திணறும்போது, விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுவார்கள். பலகையோடு படம் எடுக்க வருகிறவர்களுக்கு அதில் அக்கறையில்லை. எழுபது வளைவு அந்த வழியில் இல்லையே.