துடைத்தபின் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது?

கொவிட்-19 சிங்கப்பூரில் தலைகாட்டிய முதல் நாள்களிலேயே, 2020 ஜனவரி 24க்கும் பிப்ரவரி 4க்கும் இடையில், தேசிய தொற்றுநோய் நிலையத்தில் மூன்று நோயாளிகளின் தனிமை அறைகளில் ஆய்வாளர்கள் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம்தான் அது. கட்டில் கம்பி, விளக்குச் சுவிட்சு, நாற்காலி, கண்ணாடிக் கதவு, தரை எதையும் விடவில்லை.

இரண்டு அறைகளில் அன்றாடச் சுத்தம் முடிந்தபின் எடுத்த மாதிரிகளில் கிருமியின் தடயமே இல்லை. மூன்றாவது அறையில் துப்புரவு ஊழியர் வருவதற்கு முன்பே எடுத்தார்கள். அங்கே 15 இடங்களில் 13இல் கிருமியின் தடயம். காற்று வெளியேறும் துவாரத்தின் விசிறியும் அதில் சேர்த்தி. கழிவறையில் 5க்கு 3. இத்தனைக்கும் அந்த நோயாளிக்கு நிமோனியாகூட வந்திருக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அதே ஆண்டு மார்ச்சில் இந்த ஆய்வு வெளியானது.

அந்த அறைகளைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தியது சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட். தண்ணீரில் கரைத்தால் குளோரினை விடுவிக்கும், நீச்சல்குள வாடை அடிக்கும் பொருள். அடிக்கடி கைபடும் இடங்களை லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்ற கணக்கில் நாளுக்கு இருமுறை துடைத்தார்கள். தரையை 1,000 மில்லிகிராமில் ஒருமுறை.

மூன்றே அறைகளை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. சோதனை தேடியதும் கிருமியின் மரபணுத் தடயத்தைத்தான். அது உயிரோடிருந்ததா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. துடைப்பது மட்டுமே எல்லாவற்றையும் தடுத்துவிடாது: 2021 ஏப்ரலில் டான் டோக் செங்கின் 9டி வார்டில் தொடங்கிப் பரவிய தொற்றுக் குழுமத்தில் 48 பேர் சேர்ந்தார்கள். கொவிட் கிருமி முக்கியமாகக் காற்றில் பரவுவது. மேசையை எவ்வளவு தேய்த்தாலும் மூச்சைத் துடைக்க முடியாது. தெருவெல்லாம் மருந்து தெளித்த காட்சிகளைப் பல நாடுகளில் பார்த்தோம். அதைச் செய்ய வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் சொல்லிவிட்டது.

மருத்துவமனைக்குள் மற்ற கிருமிகளின் கதை வேறு. மருந்துக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியா காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசிலின் வித்துகளும் அப்படித்தான். அந்த வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் கரைசல்களுக்கும் அவை அசையா. குளோரின் போன்ற வலுவான பொருள் வேண்டும்.

குளோரினுக்கும் பலவீனம் உண்டு. ரத்தமோ சளியோ இருந்தால் தன் சக்தியை அதிலேயே செலவழித்துவிடும். அதனால்தான் முதலில் அழுக்கை எடு, பிறகு மருந்து போடு என்ற வரிசை. அடுத்தது நேரம். மருந்துக்கும் கிருமிக்கும் ஏற்றபடி ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம்வரை பரப்பு நனைந்தே இருக்க வேண்டும். குளிர்சாதனம் ஓடும் வார்டில், ஒரு துணியை நான்கு கட்டிலுக்கு இழுத்தால், கடைசிக் கட்டிலில் ஈரம் அவ்வளவு நேரம் நிற்காது. போதாததற்கு, குவாட்டர்னரி அம்மோனியத்தைப் பருத்தித் துணி தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். வாளியில் சரியாக இருந்த அளவு கட்டிலில் குறைந்துவிடும்.

சரி, கை போகாத இடம்? அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் குறிகளைப் பரப்புகளில் வைத்துவிட்டு, சுத்தம் முடிந்ததும் புறஊதா விளக்கடித்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த அந்த ஆய்வில், துடைக்க வேண்டிய இடங்களில் 48 விழுக்காடுதான் துடைக்கப்பட்டிருந்தது. எங்கே விட்டுப்போனது என்று ஊழியர்களுக்குக் காட்டிப் பயிற்சி கொடுத்தபின் 77 ஆனது. விலையுயர்ந்த புது மருந்தை வாங்கும் நிர்வாகங்கள், அதே பணத்தில் ஓர் அறைக்கு ஊழியர் இன்னும் பத்து நிமிடம் செலவிட வழிசெய்யலாமே என்று தோன்றுகிறது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: 5 விழுக்காட்டு பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரும். அன்றன்றைக்குக் கலக்குங்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு சேர்த்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் நச்சுவாயு.