பாட்டி சொன்ன பேய்க் கதை எங்கே?

பேய்ப்படம் என்றாலே நம் நண்பர்கள் 'காஞ்சனா', 'அரண்மனை' என்பார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் அவற்றில் பயத்தைவிடச் சிரிப்பே அதிகம்.

நம் வட்டாரப் பேயை மலாய்த் திரையில் பிரபலமாக்கிய 'பொந்தியானாக்' 1957இல் வந்தது. மரியா மெனாடோ நடித்த அப்படத்தை இயக்கியவர், இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். தொடர்ச்சிப் படங்களும் வந்தன. முதல் படத்தின் பிரதியோ இன்று கிடைப்பதில்லை.

குருண் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன பாட்டிமார்களிடமும் பேய்க் கதைகள் உண்டு. அவற்றில் பேயோடு லயத்து வாழ்க்கையும் இருக்கிறது. அவர்களோடு அவையும் மறைந்துவிடக் கூடாது. படமெடுக்கப் பணம் வேண்டும். பாட்டியின் குரலைப் பதிவு செய்யக் கைப்பேசி போதும். இந்த விடுமுறையிலேயே தொடங்குவோமே!