இரண்டாம் கட்டுக்கு எட்டாத வைஃபை

"வீட்டுக்கு எந்த ரூட்டர் வாங்கலாம், ஒரு மாடல் பேர் மட்டும் சொல்லுடா, போதும்" என்று போன வாரம் நண்பன் கேட்டான். மாடல் பெயர் சொல்வது பெரிய விஷயமில்லை. ஆனால் நானே இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பெயரை நம்பி ஏழாயிரம் ரூபாய் போட்டு, அது எதையும் தீர்க்காமல் முழித்தவன். அதனால் அவனுக்குப் பதிலாக நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, பிறகு கொல்லை. தெருவாசலில் இருந்து கொல்லைக் கதவு வரை 90 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டபோது, குளியலறை பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டாம் கட்டு அறையில் கட்டில் போட்டோம். பேச்சுப் பயிற்சி தருகிறவர் திருச்சியில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், வீடியோ கால்.

நான்காவது வகுப்பிலேயே அந்த அம்மா சொல்லிவிட்டார்: "சார், அப்பா ஒரு எழுத்தை இழுத்துச் சொல்றப்போ நடுவுல விட்டுவிட்டு வருது. அவர் திக்குறாரா, நெட் திக்குதான்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்க முடியலை. இப்படியே போனா நான் தப்பாக் கணக்கு எடுப்பேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யூடியூப் அதே அறையில் ஒழுங்காக ஓடுகிறதே!

யூடியூப் ஓடும், கால் ஓடாது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. யூடியூப் அடுத்த அரை நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு வினாடி வரத்து நின்றாலும் சேமிப்பில் இருந்து காட்டிவிடும். வீடியோ காலில் அப்படி முன்கூட்டி வாங்க முடியாது, அப்பா இன்னும் பேசவே இல்லையே. தாமதமாக வந்த ஒலித்துண்டு வந்தும் பயனில்லை, தூக்கி எறியப்படும். அதற்குத் தேவையான வேகமோ ரொம்பக் குறைவு. போகவும் வரவும் சுமார் 2 மெகாபிட் இருந்தால் தாராளம். எங்கள் வீட்டுத் திட்டம் 40 மெகாபிட். ஆக, "வேகமான ப்ளானுக்கு மாறுங்க" என்கிற பொதுவான ஆலோசனை இங்கே செல்லாது.

முதலில் இணைப்பு கொடுத்த நிறுவனத்தோடு சண்டை போட்டேன். வந்த தம்பி ரேழியில் நின்று வேகத்தைச் சோதித்துக் காட்டினார். 40-க்கு 39. "சார், எங்க சைடு கரெக்டா இருக்கு சார்." சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அன்றிரவே ஆறு கொம்பு வைத்த ரூட்டர் ஒன்றை ஆர்டர் பண்ணினேன். வந்தது, ரேழியில் மாட்டினேன், இரண்டாம் கட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். லேப்டாப்பை அப்பா அறைக்கு எடுத்துப் போய், வெளி இணையத்துக்கு அல்ல, ரூட்டருக்கே பிங் அனுப்பினேன். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். 100 தடவை அனுப்பியதில் 14 திரும்பி வரவில்லை. ரேழியில் அதே சோதனையில் ஒன்றுகூடத் தொலையவில்லை. ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நிறுவனத்தின் கம்பியே கிடையாது. தொலைந்தது முழுக்க எங்கள் வீட்டுக்குள். அந்தத் தம்பி சொன்னது உண்மை. அவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு நான் யார் என்றே ஞாபகமில்லை.

அடுத்து, சிக்னலை அறை அறையாக அளந்தேன். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஏதாவது ஒன்று போதும். அது டிபிஎம் என்ற கணக்கில் காட்டும். 0 என்றால் ஒரு மில்லிவாட். நமக்குக் கிடைப்பது அதைவிட மிக மிகக் குறைவு என்பதால் எண்கள் எப்போதும் மைனஸில் இருக்கும். 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. வீடியோ காலுக்கு -67 வரை கவலையில்லை. -80-ஐ நெருங்கினால் அடிக்கடி அறும்.

ரேழியில் -36. கூடத்தில் -51. முற்றத்துத் தாழ்வாரத்தில் -60. அப்பா அறைக்குள் நுழைந்ததும் -81. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 5 கிகாஹெர்ட்ஸ் அந்த அறையில் கண்ணிலேயே படவில்லை. மற்ற இடங்களில் தூரம் கூடக் கூடப் படிப்படியாக இறங்கியது, தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவில் மட்டும் ஒரே எட்டில் 21 போய்விட்டது, அதாவது நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அங்கே இருப்பது ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சாய்த்து வைத்த இரும்பு பீரோ. பீரோவை நகர்த்தியதும் -76 ஆனது! அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், "ஏம்ப்பா, பீரோவ நகத்துறதுக்கா ஏழாயிரம் குடுத்தே?"

விலையுயர்ந்த ரூட்டர் ஏன் சுவரைத் தாண்டவில்லை என்பதற்குக் காரணம் சட்டத்திலும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005-இல் அனுமதித்தபோது அதிகபட்ச சக்தியையும் அறிவிக்கையில் சேர்த்தே வரையறுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018-இல் திறந்துவிட்டபோதும் உச்சவரம்பு உண்டு. ஆயிரத்தைநூறு ரூபாய் ரூட்டரும் பதினைந்தாயிரம் ரூபாய் ரூட்டரும் அதே வரம்புக்குள்தான் கத்த வேண்டும். அப்படியே கத்தினாலும், போன் பதில் சொல்ல வேண்டுமே? சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு போன் ரூட்டர் அளவுக்குக் கத்தாது. ரூட்டரின் குரல் போனுக்குக் கேட்டு, போனின் குரல் ரூட்டருக்குக் கேட்காத நிலையில்தான் கட்டம் நிறைய இருக்கும், கால் மட்டும் அறும். ஆறு கொம்பு கதையும் அப்படித்தான். பெரும்பாலான போன்களில் இருப்பது இரண்டு ஆன்டெனா.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணையும் கொஞ்சம் பார்ப்போம். ஏசி1200 என்றால் 1200 மெகாபிட் கிடைக்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி 1200 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பொதுவாக இணையும். அந்த 867-லும் பாதிதான் நடைமுறையில் வரும், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்தால். ஏஎக்ஸ்1500 என்பதும் 300-உம் 1201-உம்.

சரி, தீர்வு என்ன? ரிப்பீட்டர் வாங்கலாமா என்று யோசித்தேன். ரிப்பீட்டர் கேட்டதைத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் அரைகுறையாகக் கேட்டதை அரைகுறையாகச் சொல்லும். பாதி வழியில் வைத்தாலும், ஒரே ரேடியோவால் கேட்கவும் சொல்லவும் செய்கிற வகை என்றால் வேகம் பாதியாகிவிடும். மெஷ் என்று விற்பவை இதைவிட மேல். ஆனால் அவற்றுக்கும் நடுவில் அதே ஒன்றரை அடிச் சுவர் இருக்கிறதே.

கம்பிதான் இழுத்தேன். ரேழியில் நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டியில் இருந்து, ஓட்டு இறவாரத்தின் உள்பக்கமாக, அப்பா அறை வரை 28 மீட்டர் கேட்-6 கேபிள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும் என்பதால் தூரம் பிரச்சினை இல்லை. முற்றத்தில் வெயிலும் மழையும் படும் இடத்தில் மட்டும் பிவிசி குழாய்க்குள் விட்டோம். கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: முழுச் செம்பு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்தது மலிவாகக் கிடைக்கும், வளைத்து இழுக்கும்போது உள்ளே ஒடியும். எலக்ட்ரீஷியன் கூலியோடு மொத்தம் 1,600 ரூபாய் ஆனது.

ரேழியில் சும்மா இருந்த அந்த ஆறு கொம்பு ரூட்டரையே இந்தப் பக்கம் கொண்டு வந்து மாட்டினேன். அப்பா கட்டிலருகே -42. பிங் 100-க்கு 100. அதே ரூட்டர், அதே இணைப்பு, 70 அடி தள்ளி. ரேழிக்கும் கூடத்துக்கும் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும் வைஃபையே போதுமானதாக இருந்தது. அதாவது ஏழாயிரத்துக்குப் பதில் ஆயிரத்தைநூறு ரூபாய் ரூட்டர் வாங்கியிருந்தாலும் இதே வேலை நடந்திருக்கும்.

இரண்டாவது ரூட்டரை மாட்டுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதை அப்படியே செருகினால் அதுவும் தனியாக முகவரி கொடுக்க ஆரம்பித்து, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் ஆகிவிடும். முன்பக்கத்துப் பிரின்டர் பின்பக்கத்துக்குத் தெரியாது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாத மாடலில், முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை அணைத்து, ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை வேன் துளையில் அல்லாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தேன். எதில் இணைவது என்று போன் முடிவு செய்யும். சில போன்கள் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கும். அம்மா போன் அந்த ஜாதி. வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடப் பழக்கியிருக்கிறேன்.

2.4-இல் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். ஒன்றை 1-இலும் இன்னொன்றை 6-இலும் வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கிவிட்டேன். நான் இருக்கும் சென்னை அடுக்ககத்தில் கதை தலைகீழ். அங்கே சுவர் பிரச்சினை இல்லை, கூட்டம்தான் பிரச்சினை. செயலியைத் திறந்தால் 2.4-இல் இருபதுக்கு மேல் பெயர்கள். அந்த மாதிரி இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டாமல் இருப்பதே நமக்கு வசதி. பக்கத்து வீட்டுச் சத்தம் நம் வீட்டுக்குள் வராது.

நண்பன் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பட்டையும் இருக்கட்டும், வைஃபை 6 இருந்தால் நல்லது. துளைகள் எல்லாம் கிகாபிட்தானா என்று பார், 100 மெகாபிட் துளை உள்ள ரூட்டர் இன்னும் விற்கிறார்கள், 200 மெகாபிட் ப்ளான் போட்டவனுக்கு அது கழுத்தைப் பிடிக்கும். ஆக்சஸ் பாயின்ட் மோட், டபிள்யூபிஏ3 இரண்டும் இருக்க வேண்டும். மீதிப் பணத்துக்குக் கேபிள் வாங்கு.

மாட்டிய அன்றைக்கே டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். அதன் 8 இலக்கப் பின் எண்ணைப் பார்த்தால் பத்துக் கோடி வாய்ப்புகள் போலத் தெரியும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். முதல் நான்கையும் மீதி மூன்றையும் ரூட்டர் தனித்தனியாகச் சரி, தப்பு சொல்லிவிடுகிறது. 10,000-உம் 1,000-உம், மொத்தம் 11,000 முயற்சி போதும். ஸ்டெஃபான் ஃபீபாக் என்பவர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டருக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டாவதை மாற்றாமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். எங்கள் வீட்டு எண்ணை அம்மா தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். கும்பகோணத்துக்கு வந்து காலண்டரைத் திருப்பிப் பார்க்கிற ஹேக்கரிடம் தோற்றால் தோற்றுப்போகிறேன்.

கம்பி இழுத்த பிறகு நடந்த முதல் வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். 'ப', 'ம' எல்லாம் அப்பாவுக்கு ஒழுங்காக வந்தன. 'ழ' வரவில்லை. "இது நெட் இல்லை சார், நாக்குதான்" என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மின்தடை. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டுமே 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அதற்கென்றே கையடக்க யுபிஎஸ் விற்கிறது. வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள், சில மாடல் 9 வோல்ட். ஃபைபர் வழியில் தெருவில் இருக்கும் பிரிப்பான்களுக்குப் பெரும்பாலும் மின்சாரமே தேவையில்லை, அதனால் தெருவே இருண்டாலும் இணைப்பு நிற்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறோம். சுமார் மூன்று மணி நேரம் தாங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்வரை அது காணாது. அன்றைக்கு மட்டும் வகுப்பை 8 மணிக்கு மாற்றிக்கொள்கிறோம்.