மினுக்கிய செனான் விளக்கு

கார் முகப்பு விளக்கு மினுக்கினால் உடனே "பல்பு போச்சு" என்கிறோம். மரக்காணம் உப்பளக் காற்றில் ஓடும் காருக்கு அவசரத் தீர்ப்பு ஆகாது.

என் மாமா தன் காரில் ஹாலஜனை எடுத்துவிட்டு 35 வாட் செனான் கிட் மாட்டியிருந்தார். இடது விளக்கு பற்றும், மினுக்கும், அணையும். "பலாஸ்ட்ட மாத்திடலாம்டா" என்றார். "இருங்க மாமா, மொதல்ல பாத்துடலாம்" என்றேன்.

செனானில் இழை கிடையாது. பலாஸ்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து மின்வில்லைப் பற்றவைக்கும். பிறகு சுமார் 85 வோல்ட்டில் எரியும். பற்றும்போது பேட்டரியிலிருந்து ஏகமாகக் கரண்டு இழுக்கும். வழியில் தடை இருந்தால் வோல்ட்டேஜ் விழுந்து விளக்கு அணையும்.

பல்புகளை இடம் மாற்றினேன். கோளாறு இடதிலேயே நின்றது. பலாஸ்ட்டுகளை மாற்றியும் அதே கதை. ஆக, ஒயரிங்தான்! விளக்கு எரியும்போதே எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 2 வோல்ட் காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சை பூத்திருந்தது. உப்பு செய்த வினையை உப்புத்தாள் தீர்த்தது! மேலே கொஞ்சம் வாசலின் தடவி முறுக்கினேன்.

மினுக்கல் நின்றது. ஆனால் சுவரில் அடித்துப் பார்த்தால் ஒளி மேலெல்லாம் சிதறியது. எச்4 ரிஃப்ளெக்டர் இழைக்காகவே அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியுமுன் சைக்கிளில் வரும் உப்பளத் தொழிலாளிக்கு அந்த ஒளியில் கண் தெரியுமா? தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் தராது.

மாமா முகம் சுளித்தார்; மறுநாள் ஹாலஜன் திரும்பியது. சுத்தமான எர்த்தில் அதுவே பளிச்சென்று எரிகிறது.