வயலில் முளைத்த மலை!

மலை என்றாலே லட்சோபலட்சம் வருஷத்துச் சமாச்சாரம் என்றுதானே நினைப்போம்? ஒன்பதே வருஷத்தில் வளர்ந்து முடிந்த மலை ஒன்று உண்டு சார்!

மெக்ஸிகோ. 1943 பிப்ரவரி 20. தியோனிசியோ புலிதோ என்ற விவசாயி தன் மக்காச்சோள நிலத்தில் வேலையாக இருந்தார். திடீரென்று தரையில் விரிசல். புகை, சாம்பல், கந்தக நாற்றம். மனுஷன் எடுத்தார் ஓட்டம்! ஒரே வருஷத்தில் அங்கே 300 மீட்டருக்கு மேல் மலை. பெயர் பரிக்குட்டின்.

அதெப்படி அளவெடுத்த மாதிரி கூம்பு வடிவம்? அரிசி மூட்டையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். குவியும், ஓரளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். குலுக்கிய சோடா பாட்டில் போல வாயுவோடு பீறிட்ட எரிமலைக் குழம்பு, ஆகாயத்திலேயே துண்டு துண்டாகி ஆறி, துவாரத்தைச் சுற்றிக் கொட்டியது. சரிவு சுமார் 30 டிகிரி. ஜப்பானின் ஃபுஜி (3,776 மீட்டர்) வேறு ரகம்: குழம்பும் சாம்பலும் மாறி மாறி அடுக்கியது. ஹவாயில் குழம்பு ரசம் மாதிரி ஓடிவிடுவதால், மலை கவிழ்த்த தாம்பாளம்!

பி.காம். படித்த புத்தி, ஐந்தொகை போடுகிறது. வரவு: 424 மீட்டர் மலை. செலவு: இரண்டு ஊர்கள், எரிமலைப் புகையில் வெட்டிய மின்னலுக்கு மூன்று உயிர்கள். 1952-ல் எல்லாம் அடங்கியது. புதைந்த ஊரின் சர்ச் கோபுரம் மட்டும் கருங்குழம்புக்கு மேலே இன்னும் நிற்கிறது.

புலிதோவின் நிலத்தில் உலகமே வந்து பார்த்த மலை. ஆனால், ஒரு படி சோளம் விளையாதே!