டாலர் வந்து சேரும் பாதை

கடல் கடந்து வாணிபம் நடத்தினான் தமிழன் என்று மேடைதோறும் முழங்குகிறோம்; கைதட்டலும் பெறுகிறோம். இன்றும் நடத்துகிறான், தோழர்களே! கப்பலேறி அல்ல, கைப்பேசியிலே! சென்னிமலைத் தறியில் நெய்த துண்டை, டொராண்டோவில் இருப்பவர் படம் பார்த்து வாங்குகிறார். விலை பத்து டாலர். வாங்குபவர் மனமுவந்து கொடுத்துவிடுகிறார். விற்றவன் கைக்கு வருவது எவ்வளவு?

பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் நூற்றுக்கு நான்கு, அதற்குமேல் தடவைக்கு முப்பது சென்ட் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டாலரில் எழுபது சென்ட் போயிற்று. நூற்றுக்கு ஏழு! ஆயிரம் டாலருக்குப் பட்டு விற்கும் பெருவணிகருக்கோ, போவது நாற்பது டாலரும் முப்பது சென்ட்டும். நூற்றுக்கு நான்கு, அவ்வளவே! ஏழைக்கு ஏழு, எசமானருக்கு நான்கு, நல்ல நியாயம்!

இதோடு விட்டார்களா? டாலரை ரூபாயாக மாற்றும்போது, சந்தை விலைக்குக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பிடித்தம் கட்டணம் என்ற பெயரில் வருவதில்லை; மாற்று விலைக்குள்ளே மறைந்து வருகிறது. உள்ளூரிலே யுபிஐ வழியே வாங்கும் பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பது 2020 சனவரியிலேயே நீக்கப்பட்டது. தெருமுனைத் தேநீர்க் கடைக்குக் கிடைத்த சலுகை, தேசத்துக்கு டாலர் கொண்டுவருபவனுக்கு இல்லை!

ரிசர்வ் வங்கி வாசலைத் திறக்கவில்லையா என்பார்கள். திறந்தது. இணைய வழி ஏற்றுமதிப் பணத்துக்கு 2010 நவம்பரில் தடவைக்கு 500 டாலர் என்று எல்லை கட்டியது. 2011-இல் 3,000, 2013-இல் 10,000 என உயர்த்தியது. 2023 அக்டோபர் 31-ஆம் நாள் சுற்றறிக்கை, பொருள் ஒன்றுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை அனுமதித்தது. வாசல் அகன்றது, மறுக்கவில்லை. யாருக்காக அகன்றது? பத்து டாலர் துண்டு விற்பவனுக்குப் பழைய 500-ஏ தாராளம்! அவன் கேட்பது உயர்ந்த எல்லையை அல்ல, குறைந்த பிடித்தத்தை.

இன்னொன்று. “சரக்கு வரவில்லை” என்று வாங்கியவர் தம் வங்கியில் முறையிட்டால், வந்த பணமும் திரும்பிப் போகும். அனுப்பிய அஞ்சல் ரசீது கையில் இல்லாவிட்டால், வாதாடவும் வழியில்லை.

மாற்று விலையை முன்கூட்டியே எழுதிக் காட்டு, சிறு தொகைக்குத் தடவைக் கட்டணத்தை விலக்கு என்று கேட்போம், உரக்கக் கேட்போம். அதுவரையில், விற்கும் தோழர்கள் ஐந்து துண்டை ஒரே கட்டாக ஐம்பது டாலருக்கு விற்றுப் பார்க்கட்டும். அதே கணக்கில் பிடித்தம் இரண்டு டாலர் முப்பது சென்ட்; நூற்றுக்கு ஐந்துகூட ஆகாது.