முத்தொழில் புரிந்த வித்துவான்

இராமகுப்பத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தெலுங்கு, இல்லத்தில் தமிழ். தமிழ்ப் பாட்டை மெட்டுப் பிசகாமல் பாடும் குழந்தை, அதன் பொருளை வினவினால் விழிக்கிறது. இக்குறையை எண்ணிக் கவலுறும் பெற்றோர் வயலின் மேதை இலால்குடி ஜெயராமனின் வரலாற்றை அறிதல் நலம்.

1930 செப்டம்பர் 17-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த இலால்குடிப் பகுதியில் பிறந்தவர் இவர். தந்தையார் கோபாலையரே குரு. 12-ஆம் வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடையேறினார். பாடகர் பாடும் சங்கதியை அக்கணமே வில்லில் வாங்கி, அவரை முந்தாமலும் பிந்தாமலும் தொடர்வது எளிய காரியமன்று. அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஆகியோரின் பாணிகள் வெவ்வேறானவை. அவையனைத்துக்கும் இசைந்து வாசித்தார் ஜெயராமன். பாட்டின் சொல் எங்கே பிரிகிறது, எங்கே நீள்கிறது என்பதை வில்லைத் திருப்பும் இடத்தாலேயே உணர்த்தினார். வாயில்லாத வாத்தியம் பாடிற்று!

1965-இல் எடின்பரோ விழாவில் இவருடைய வாசிப்பைக் கேட்ட யெகுதி மெனுகின், தம்முடைய வயலின் ஒன்றையே பரிசளித்தார். 1966-இல் வயலின், வேணு, வீணை மூன்றையும் ஒரே மேடையில் இணைத்து, இரமணி, வெங்கடராமன் ஆகியோருடன் கச்சேரி செய்தார்.

இயற்றுவதிலும் இவர் வல்லவர். வலஜி இராகத்தில் தெலுங்கு வர்ணம், சாருகேசியில் தமிழ் வர்ணம், மோகனகல்யாணி முதலிய பல இராகங்களில் தில்லானாக்கள் என இவர் படைத்தவை நாட்டிய மேடைகளிலும் ஒலிக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் இவருடைய சொல் இசைக்குப் பொருந்தி நின்றது. 'சிருங்காரம்' திரைப்படத்தின் இசைக்குத் தேசிய விருதும் பெற்றார்.

மூன்றாவது தொழில் போதனை. மக்கள் கிருஷ்ணனும் விஜயலட்சுமியும் வயலினைக் கற்றனர். பம்பாய் ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் ஆகியோரோ வாய்ப்பாட்டு வித்துவான்கள்! வயலின்காரரிடம் பாடகர் பயின்றது விந்தையன்று. சொல்லறிந்து வாசித்தவர் சொல்லறிந்து பாடவும் கற்பிக்க வல்லவரன்றோ?

2013 ஏப்ரல் 22-ஆம் நாள் ஜெயராமன் மறைந்தார். 1972-இல் பத்மஸ்ரீயும் 2001-இல் பத்மபூஷணும் அவரை அடைந்தன. நமக்கு அவர் விட்டுச் சென்ற பாடம் இதனினும் பெரிது: வாசித்தல், இயற்றல், கற்பித்தல் மூன்றுக்கும் வேர் சொல்லின் பொருளே. அன்பர்களே, பிள்ளைக்குப் பாட்டு வாத்தியாரைத் தேடுமுன், அந்தப் பாட்டின் ஓரடிக்கேனும் நாமே வீட்டில் பொருள் சொல்லிக் கொடுப்போமாக. அதற்குக் கட்டணமும் இல்லை. காலமும் அதிகம் வேண்டுவதில்லை.